வாசகர் வசதிக்காக

"அந்தக் காகிதத்துல கை வெச்சே, அப்பால நான் உனக்குத் தம்பியே இல்ல. சொல்லிட்டேன்."

ஃபிரெடி பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ரோஸி சாவியைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. அந்த வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டாலும் அவ்வளவுதான் இடம். அடுப்பங்கரையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்த ஜான்சி மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"இன்னாடி வந்துச்சு உனக்கு? ரெண்டு வருசமா அந்தப் பேச்சே இந்த வூட்ல இல்ல. ஆறிப்போன புண்ண எதுக்குடி கீறிப் பாக்குறே?"

"மூணு மணிக்கு ஆபீசர் பூடுவாரும்மா. அதுக்குள்ள குடுக்கணும். அத்த வுட்டா நம்மகிட்ட வேற சாட்சியே இல்ல."

"இன்னாத்துக்குச் சாட்சி? என் புள்ள திருடன்றதுக்கா?"

பெரும்பாக்கம், தொண்ணூற்றாறாம் பிளாக், ஆறாவது மாடியில் 'திருடன்' என்ற சொல்லை அந்தக் குடும்பம் மறந்துவிட்டதாகத்தான் நடித்துக்கொண்டிருந்தது. அம்மாவே அதை வாய்விட்டுச் சொன்னதும் மூன்று பேருக்கும் முகம் செத்துப்போயிற்று.

அந்தக் காகிதத்தின் கதை இதுதான். சென்னைக் குடிசைகளை அகற்றிக் குடியேற்றிய அந்தக் குடியிருப்பு முடிந்து சதுப்பு நிலம் தொடங்குகிற இடத்தில், உள்ளாட்சி கட்டிய ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே காவல் சாவடி, மேலே கிளை நூலகம். ஒரே அறையில் நாலைந்து பேர் உண்டு உறங்குகிற பிளாக் வீடுகளில், காலை நீட்டிப் படுக்கவே முறை வைக்க வேண்டும். பரீட்சைக்குப் படிப்பது எங்கே? அதனால் ரோஸி போன்றவர்கள் அந்த மாடியில் போய் உட்கார்ந்தார்கள். மாடி ஏறியதும் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கும். வருகிறவர்கள் அதில் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எதிர்ச்சாரி அபார்ட்மென்டில் ஒருவருக்கு விலை உயர்ந்த ஃபோன் ஒன்று காணாமல் போயிற்று. சாவடியிலிருந்து ஏட்டு குப்புராஜ் மாடியேறி வந்தார். பதிவேட்டைத் திருப்பினார். அன்று வந்திருந்த பதினோரு பேரில் பிளாக் நம்பர் போட்டிருந்த ஒரே பையன்மீது விரலை வைத்தார். கணக்குப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ஃபிரெடியைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். கூடவே எடுத்துப்போன அந்தப் பதிவேடு திரும்பி மாடிக்கு வரவில்லை.

பகல் முழுக்க அவனை உட்கார வைத்தார்கள். அடித்தார்களா என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை. மாலையில் ரோஸியை வேலையிலிருந்து வரச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். 'பெரும்பாக்கம் தொண்ணூற்றாறாம் பிளாக்கில் வசிக்கும் என் தம்பி ஃபிரெடி, கிளை நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது விசாரணைக்கு அழைத்து வரப்பட்டான். எப்போது கூப்பிட்டாலும் ஆஜர்படுத்துகிறேன்' என்று அவள் கைப்பட எழுதிக் கொடுத்தாள். நகல் ஒன்றில் சீல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் அந்த ஃபோன் சொந்தக்காரரின் கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்த செய்தி மட்டும் பிளாக்குக்கு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு ஃபிரெடி நூலகப் படியை மிதிக்கவில்லை. ரோஸி போனாள். பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, விலாசத்தில் 'மேடவாக்கம்' என்று எழுதினாள். அதில் அவளுக்குப் பெரிய குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. பிளாக்கில் எல்லாரும் செய்வதுதானே? வேலை கேட்டுப் போனால் சித்தி வீட்டு விலாசம், பெண் பார்க்க வந்தால் அத்தை வீட்டுக் கூடம். பெரும்பாக்கம் என்று சொன்னதும் எதிரே இருப்பவர் தன் கைப்பையைத் தொட்டுப் பார்ப்பதை ஒருமுறை கண்டவர்கள் மறுமுறை அந்த ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரோஸி பக்கத்து பிளாக் ஹஃபீசாவுக்குச் சொன்னாள். ஹஃபீசா ஷாகுலுக்குச் சொன்னாள். ஒரே மாதத்தில் அங்கே படித்த பதினெட்டுப் பேரும் மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

நூலகர் சரோஜினி மேடம் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். தாம்பரத்திலிருந்து பஸ் மாறி வருகிற, அதிர்ந்து பேசாத பெண்மணி. 'பிள்ளைகள் நிம்மதியாகப் படித்தால் சரி' என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்துக்குத் தணிக்கை அதிகாரி வருவான் என்று யார் கண்டது?

இந்த வருஷம் உள்ளாட்சியில் நிதி இல்லை. எங்கெங்கே வெட்டலாம் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் சாவடியும் இருந்தது, நூலகமும் இருந்தது. ஒரே கட்டடம் என்பதால் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும் என்பது கூடுதல் சிக்கனம். ஆய்வுக்குக் கேஷவ் என்ற இளம் அதிகாரி முந்தின நாள் வந்தார். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்த முதல் அதிகாரி அவர்தான். பதிவேட்டை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"மேடம், ரெண்டு வருஷ ரெஜிஸ்டர் பாத்துட்டேன். பெரும்பாக்கத்துல இருந்து ஒரு ரீடர்கூட இல்ல. முக்கால்வாசி மேடவாக்கம். அப்ப இந்த ப்ராஞ்ச மேடவாக்கத்தோட மெர்ஜ் பண்ணிட்டா அவங்களுக்குத்தானே ஈஸி? பாவம், எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?"

ஜன்னலோர மேஜையில் இருந்த ரோஸி எழுந்து நின்றாள்.

"சார், நாங்க எல்லாரும் இங்கதான் சார். இந்த பிளாக்குங்கதான். விலாசம் சும்மா அப்படி எழுதினோம்."

"சும்மாவா? ஏன்?"

ஏன் என்று சொல்ல, கீழே இருக்கிற குப்புராஜிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரோஸி ஆதார் அட்டையை நீட்டினாள். ஹஃபீசாவும் நீட்டினாள். கேஷவ் இரண்டையும் வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க இங்க குடியிருக்கீங்கன்னு இதுல இருக்கும்மா. இங்க படிச்சீங்கன்னு இல்லையே. புக் லெண்டிங் கார்டு இருக்கா?"

அந்தக் கேள்விக்குச் சரோஜினி தலையைக் குனிந்துகொண்டார். பிளாக்குக்காரர்களுக்குப் புத்தகம் வீட்டுக்குக் கொடுத்தால் திரும்பி வராது, கார்டு போடாதே என்று மேலே யாரோ எப்போதோ வாயால் சொன்னது. எழுத்தில் எங்கேயும் கிடையாது. எழுத்தில் இல்லாத உத்தரவைத்தானே நம் ஊரில் எல்லாரும் தவறாமல் நிறைவேற்றுகிறார்கள்?

"செலவக் குறைக்கச் சொன்ன சர்க்குலர் வர்றதுக்கு முன்னாடி தேதி போட்ட ஏதாவது கவர்மென்ட் டாக்குமென்ட் காட்டுங்க. பெரும்பாக்கத்து ஆள் இந்த லைப்ரரில படிச்சார்னு ஒண்ணே ஒண்ணு போதும். நான் ரிப்போர்ட்ல சேத்துடறேன். நாளைக்கு மூணு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார் கேஷவ்.

அன்று மாலை சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ரோஸிக்கு அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. அரசாங்கச் சீல், தேதி, பிளாக் நம்பர், 'கிளை நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது' என்ற வாசகம், எல்லாம் அதில் இருந்தன. வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுக்க நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது பீரோ முன்னால் நின்றுகொண்டு ஃபிரெடி கேட்டான்.

"உனக்கு இன்னா, பரிச்ச. எனக்கு வேலை, அக்கா. ஓஎம்ஆர் ரோட்டுக் கம்பெனில சித்தி வூட்டு விலாசம் குடுத்துக்கீறேன். நாளைக்கு எந்த ஃபைல்லயாவது இது கெடந்து, எவனாவது எடுத்துப் பாத்தான்னு வை. அப்ப உன் லைப்ரரியா வந்து சோறு போடும்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அது ரோஸிக்குத் தெரிந்தது. பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மூன்றாவது தடவை எழுதுகிறாள். வயது இருபத்தாறு. அந்த ஜன்னலோர மேஜை போய்விட்டால் இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தம்பியின் சோற்றில் மண்ணைப் போட்டுத் தான் அரசாங்க வேலைக்குப் போவதா? சாவியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"வோணாம்மா. உள்ள வை. கேட்டது என் தப்புதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

"அன்னிக்கி நீ பேனா எட்த்துனு வர்ல. ஞாபகம் கீதா? உன் பேர நான்தான்டா எய்தினேன். பிளாக் நம்பரு, வூட்டு நம்பரு எல்லாம் போட்டு அயகா எய்தினேன். நம்ம தம்பியும் படிக்க வந்துட்டான்னு அவ்ளோ பெருமை எனக்கு. அந்தப் பெருமைதான் உன்னிய அங்க இஸ்த்துனு பூட்ச்சு."

ஃபிரெடி பீரோவை விட்டு வாசலுக்கு வந்தான்.

"தெரியும்" என்றான். "உன் கையெய்த்து எனக்குத் தெரியாதா இன்னா?"

"தெரிஞ்சா ஏன்டா ஒருவாட்டிகூடக் கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? நீ சரியாத்தான எய்தினே. நாம இங்கதான கீறோம்." அம்மாவின் கையிலிருந்து சாவியை அவனே வாங்கினான். "நானே எட்த்துனு வரேன். என் பேரு போட்ட காகிதம். நீ இன்னா அத்தக் குடுக்குறது?"

ஜான்சி கரண்டியைத் தரையில் போட்டாள். தடுக்கவில்லை.

இரண்டு பேரும் போனபோது சாவடி வாசலில் குப்புராஜ் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவடியை எடுக்கக் கூடாது என்று பொதுமக்கள் கையெழுத்திட்ட மனு வேண்டுமாம். நான்கு நாளாகப் பிளாக் பிளாக்காக அலைந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர், மூவரும் மேடவாக்கம் விலாசம். சதுப்பு நிலப் பக்கம் விளக்கில்லாத அந்த ரோட்டில் வேலை முடிந்து வருகிற பெண்களுக்குச் சாவடி வேண்டியதுதான். ஆனால் சாவடிக்காரர் கையில் தன் வீட்டு நம்பரை எழுதிக் கொடுக்க ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. ஃபிரெடியைப் பார்த்ததும் குப்புராஜ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாடியில் கேஷவ் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சீல், டேட், அட்ரஸ் எல்லாம் இருக்கு. குட்." பிறகு ஃபிரெடியைப் பார்த்துக் கேட்டார். "அந்த ஃபோன் கெடச்சுதா?"

"அவுங்க கார்லயே கெடச்சுது சார்."

"ஓ. சாரிங்க. ரொம்ப சாரி."

இரண்டு வருஷத்தில் ஃபிரெடியிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ரோஸிக்குக் கண் கலங்கிவிட்டது. கேஷவ் காகிதத்தைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று மாடியில் படித்த பதினெட்டுப் பேரும் பதிவேட்டில் பிளாக் நம்பரைத் தயக்கத்தோடு எழுதினார்கள். சரோஜினி எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார்.

உத்தரவு பத்தாம் நாள் வந்தது. அதைக் கேட்க ஃபிரெடியும் அன்று மாடிக்கு வந்திருந்தான். சரோஜினி நின்றபடியே வாசித்தார். முதல் இரண்டு வரியில் அவர் குரல் சரியாக இருந்தது.

"வருகைப் பதிவேட்டின்படி வாசகர்களில் பெரும்பான்மையோர் மேடவாக்கம் பகுதியினர் என்பதாலும், பெரும்பாக்கம் பகுதி வாசகர் என ஆவணத்தால் உறுதி செய்யப்பட்ட ஒரே நபர் காவல் விசாரணைக்கு உட்பட்டவர் என்பதாலும், காவல் சாவடியும் அகற்றப்படும் நிலையில் நூல்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பதாலும், வாசகர் வசதிக்காக இக்கிளை மேடவாக்கம் கிளையுடன்..."

அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. பொய்யாக எழுதியதை அரசாங்கம் அப்படியே நம்பிவிட்டது. உண்மையை எழுதிக் கொடுத்த ஒரே காகிதத்தைக் கொண்டு கதவைச் சாத்திவிட்டது. அவமானமா, ஆத்திரமா என்று ரோஸியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம்பியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

ஃபிரெடி சிரித்தான்.

"மேடம், அந்த ஒரே நபர்னு வருதே, அத்த இன்னொருவாட்டி படிங்க." அவர் படிக்கவில்லை. அவனே சொன்னான். "தெனம் வந்துனு இருந்த எங்க அக்கா மேடவாக்கத்துக்காரி. ரெண்டு வருசமா இந்தப் பக்கமே வராத நான் ஒர்த்தன்தான் பெரும்பாக்கத்துல படிக்கிறவன். கவர்மென்டே எய்திக் குட்த்துட்ச்சு. இன்னாக்கா, கை தட்ட மாட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹஃபீசா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜினி மட்டும் உத்தரவை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, கீழ் டிராயரை இழுத்தார். அது துருவேறிக் கிறீச்சிட்டது. உள்ளேயிருந்து ஒரு கட்டுப் படிவங்களை எடுத்துத் தூசு தட்டினார். உறுப்பினர் படிவங்கள்.

"புத்தகங்களை ஏத்திக்கிட்டுப் போக வேன் வெள்ளிக்கிழமை வருது. அதுவரைக்கும் நான்தான் இங்க லைப்ரரியன்" என்றார். "பிளாக்குக்குக் கார்டு குடுக்காதேன்னு வாயால சொன்னாங்க. நானும் வாயை மூடிக்கிட்டு ஒன்பது வருஷம் உட்கார்ந்துட்டேன். ஆண்டவர் முன்னாடி எனக்கு அதுக்குப் பதில் கிடையாது. ரோஸி, எழுது. ஒரு கார்டுக்கு நாலு புத்தகம். முகவரி சரிதான்னு அரசு ஊழியர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"நம்மளுக்கு யார் மேடம் போடுவாங்க?" என்றான் ஷாகுல்.

ஃபிரெடி முதல் படிவத்தை நிரப்பினான். எடுத்துக்கொண்டு நேரே கீழே போனான். ரோஸி பின்னாலேயே ஓடினாள். குப்புராஜ் சாவடிச் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். 'இப்பகுதியிலிருந்து முகவரியுடன் கூடிய புகார்கள் எதுவும் வராததால் சாவடி தேவையில்லை' என்று அவருக்கும் ஒரு உத்தரவு வந்திருந்தது. செங்கல்பட்டுக்கு அப்பால் எங்கேயோ மாற்றல்.

"ஏட்டு சார், என் விலாசம் கரீட்டான்னு பாத்து ஒரு கையெய்த்துப் போடுங்க."

குப்புராஜ் படிவத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு, ஆறாவது மாடி" என்றார். "தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும் சார்."

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிய பெட்டியைப் பிரித்து முத்திரையை எடுத்தார். மனம் திருந்திவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். தன் உத்தரவின் மேல் இருந்த கோபத்தை அவர் அந்தப் படிவத்தின் மேல் குத்தினார் என்றுதான் ரோஸிக்குப் பட்டது. எப்படியோ குத்தினார். அன்று அறுபது, மறுநாள் தொண்ணூறு, வியாழக்கிழமை மை காய்ந்துபோய் எச்சில் தொட்டுக்கூடக் குத்தினார்.

செய்தி மாடி மாடியாக ஏறியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் வந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள், எல்லாரும் படியில் வரிசை நின்றார்கள். விலாசத்தை எழுதும் இடத்தில் சிலருக்குக் கை தானாகவே 'மேட' என்று ஆரம்பித்தது. அடித்துவிட்டு எழுதினார்கள். ஜான்சி நாலு புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதில் இரண்டு இங்கிலீஷ் புத்தகம்.

வெள்ளிக்கிழமை வேனோடு கேஷவும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அலமாரிகளைப் பார்த்து நின்றுவிட்டார். பாதிக்கு மேல் காலி.

"மேடம், புக்ஸ் எல்லாம் எங்க?"

"வாசகர்கிட்ட இருக்கு சார். கடன் பதிவேடு இதோ." சரோஜினி கனத்த புதுப் பதிவேட்டை அவர் முன்னால் நகர்த்தினார். "பதினஞ்சு நாள் தவணை. எடுத்த கிளையிலதான் திருப்பித் தரணும்னு விதி."

"எடுத்த கிளை... இன்னியோட க்ளோஸ் ஆகுதே மேடம்."

"ஆமா சார்."

கேஷவ் பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெரும்பாக்கம், பெரும்பாக்கம், பெரும்பாக்கம். பிளாக் எண், மாடி, கதவு எண், எதிரே சாவடி முத்திரை. அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"இதையெல்லாம் நான் எப்படிங்க கலெக்ட் பண்றது?"

மேஜைக்கு எதிரே இருந்த ரோஸி எழுந்து நின்றாள்.

"வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க சார். விலாசம் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கோம். லிஃப்ட் மட்டும் ஓடாது, பாத்து ஏறி வாங்க."